இருநூற்று எழுபத்தெட்டு

மூண்டாவதும் செத்துப்போச்சு.
பெரிய சத்தமில்லை,
பூவரசங்காய் செருப்பில் மிதிபட்ட மாதிரி ஒரு டப்.
பிறகு மணம்.
அந்தோனியார் பெருநாள் முடிஞ்ச ஒழுங்கை மணக்குது
எண்டாள் எமில்டா.
திரை அணைய முந்தி அதில் ஒரு கலியாணம் பாதி வெட்டினபடி கிடந்தது.
மாப்பிள்ளையின் கை தாலியோடு நடுவழியில்.

படம் பிடிக்கிறது தங்கச்சி. வெட்டி ஒட்டுறது நான்.
பெட்டியும் நான் பூட்டினதுதான்:
சீட்டுக் காசில் மதர்போர்ட்,
வவுனியாப் பெடியன் ஒருத்தன் வித்த றாம்,
கண்ணாடியில் கீறல் எண்டு
ஆயிரத்தைந்நூறு குறைச்சு எடுத்த கேசிங்.
ஒவ்வொரு ஸ்குரூவும் என்ர விரலுக்குத் தெரியும்.

எல்லாத்தையும் கழற்றினன்.
கிறபிக் காட்டில் பிழையோ, றாமில் பிழையோ,
ஒரு இரவு முழுக்க மேசையில் பரப்பி வச்சு
ஒவ்வொண்டாய்ச் சந்தேகப்பட்டன்.
பச்சை வயரையும் கறுப்பையும் பேப்பர் கிளிப்பால் கோத்துப் பார்த்தன்.
விசிறி அசையேல்லை.

கஸ்தூரியார் வீதிக் கபிலதாசன்
முதலாவதை ஒரு சொல்லும் சொல்லாமல் மாத்தித் தந்தவர்.
ரெண்டாவதுக்குத் தலையைச் சொறிஞ்சவர்.
மூண்டாவதை நான் அவற்ற மேசையில் போட்டு,
கடை நிறையச் சனம் பார்க்க,
'நீர் விக்கிறது முழுக்க டூப்ளிகேட்' எண்டு கத்தினன்.
அவர் ஏதோ வீட்டு வயரிங் எண்டு தொடங்க
நான் படியிறங்கிட்டன்.

எமில்டாதான் கேட்டாள், எத்தினை மணிக்குச் செத்தது எண்டு.
அதை ஆர் பார்த்தது?
ஆனால் வேலை கடைசியாய்ச் சேமிச்ச நேரம் டிஸ்க்கில் இருந்தது,
அவளின்ர பழைய லப்டொப்பில் கொழுவிப் பார்த்தம்.
ஆறு பன்னிரண்டு. ஆறு இருபது. ஆறு ஐஞ்சு.
'ஆறேகாலுக்கு இந்த வீட்டில என்ன நடக்குது?'
'ஒண்டுமில்லை.
நான் குளிக்கப் போறனான்.'

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் கதைக்கேல்லை.

அவள் மீற்றரைப் பிளக்கில் குத்தினாள்.
நான் கிணத்தடி மோட்டர் சுவிட்சில் கை வச்சன்.
இருநூற்று முப்பத்தொண்டு, எண்டாள்.
போட்டன்.
நாப்பத்தாறு.
அறுபது.
எழுபத்தெட்டு எண்டு சொல்லிப்போட்டு
வாசிக்கிறதை நிப்பாட்டிட்டாள்.

பாசையூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கிற இந்த வீடு
முந்தி மா அரைக்கிற மில்.
அதுதான் மூண்டு லைன். எங்களுக்கு அது தெரியாது,
மாசம் மாசம் பில் மட்டும் கட்டினம்.
செவ்வாய்க்கிழமை வந்த திரவியநாதன்
மெயின் போர்ட்டைத் திறந்து டோர்ச் அடிச்சார்.
நியூற்றல் ஸ்குரூவைக் கடல்காத்துத் திண்டு
பாசி மாதிரிப் பச்சையாய்க் கிடந்தது.
'லைன் மூண்டும் உசார், தம்பி.
திரும்பிப் போற வயருக்குத்தான் பிடிமானமில்லை.
மோட்டர் ஒரு பக்கம் குனிய
உம்மட பெட்டி மற்றப் பக்கம் எழும்புது.'
புதுக் கிளிப் நானூற்றைம்பது. அவற்ற கூலி ரெண்டாயிரம்.

பின்னேரம் கஸ்தூரியார் வீதிக்குப் போனன்.
சைக்கிளைப் பூட்டினன், பிறகு
பூட்டினனானோ எண்டு திரும்பப் பார்த்தன்.
கபிலதாசன் என்னைக் கண்டும் எழும்பேல்லை.
மேசைக்குக் கீழயிருந்து என்ர மூண்டையும் எடுத்து வச்சார்,
திறந்தபடி.
ஒவ்வொண்டிலும் நீலப் பொத்தான் மாதிரி ஒண்டு
வெடிச்சுக் கறுத்திருந்தது.
'இது முதல்ல சாகத்தான் வச்சிருக்கிறது' எண்டார்.
பிறகு, என்னைப் பாராமல்,
'அப்பவே சொல்ல வந்தனான்.'

சொரி எண்ட சொல்லைச் சொன்னன்.
அண்டைக்குக் கடையில் ஒரு சனமில்லை.
நாலாவதை முழு விலைக்கு வாங்கினன்,
குறைக்கச் சொல்லிக் கேக்க வாய் வரேல்லை.

மாப்பிள்ளை தாலியைக் கட்டி முடிச்சிட்டான்.
ஆறேகால்.
நான் வாளிக்குள் தண்ணியைத் திறக்க, மோட்டர் இரைய,
எமில்டா அறைக்குள்ளயிருந்து கத்துறாள்:
முப்பத்தொண்டு. முப்பத்தொண்டு. முப்பது.
முப்பத்தொண்டு.
காணும், எண்டன், தலையில் சவர்க்காரத்தோட.
அவள் நிப்பாட்டேல்லை.